ஸ்டான்லி ஓபியா, சபை கவுன்சலரா? மனநோயை இரண்டு தரப்பும் பார்க்கும் விதம்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. தங்கைக்கு இருபத்திரண்டு வயது. மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தெருவில் யாரோ தன்னைப் பற்றியே பேசுவது காதில் விழுகிறது என்கிறார். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். அதன்பிறகு பாஸ்டர், "கிறிஸ்தவ சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட காட்டுங்க. மத்தவங்க விசுவாசத்தைக் கெடுத்துடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். "மனநோயை இவங்க ரெண்டு தரப்பும் உண்மையிலேயே வேற வேற மாதிரிதான் பார்க்கிறாங்களா? நாங்க எங்க போறது?" என்பதுதான் கேள்வி.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையிலேயே ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தூக்கம் போவது, ஒதுங்கிக்கொள்வது, இல்லாத பேச்சு கேட்பது மூன்றும் மாதக்கணக்கில் சேர்ந்து வந்தால் அது சைக்கோசிஸா, அதாவது எது நிஜம் எது நிஜமில்லை என்று மனம் பிரித்தறிய முடியாமல் போகும் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். உளவியலாளர் மாத்திரை எழுத முடியாது, அவர் கிறிஸ்தவராக இருந்தாலும் சரி, நாத்திகராக இருந்தாலும் சரி. தைராய்டு, வலிப்பு, மூளையழற்சி எல்லாம் இதே வேஷத்தில் வருவதுண்டு. நன்றாக இருந்த இளம்பெண் சில வாரங்களில் பேய் பிடித்தவர் போல மாறிவிடும் ஒரு வகை மூளையழற்சி 2007இல்தான் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. அவர்களில் சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான் காரணம், அதை எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் பலர் தேறிவிடுகிறார்கள். இதையெல்லாம் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும், பேச்சு சொல்லாது.

ஒழுங்காகப் படித்த கிறிஸ்தவ உளவியலாளரும் இந்தக் கட்டத்தில் இதையேதான் சொல்வார். சொல்லாவிட்டால் அவரிடம் போகாதீர்கள்.

இனி நிதானமான பதில். நான் மருத்துவ உளவியலாளர். பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில், சி.எஸ்.ஐ. குடும்பம். வேலை பார்ப்பது பெரம்பூரில். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் முதலில் ஏதாவது ஒரு ஜெப வீட்டுக்கோ, லூர்து மாதா கோவிலுக்கோ, செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோவிலுக்கோ போய்விட்டுத்தான் வருகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி இல்லை.

"கிறிஸ்தவ உளவியலாளர்களின் பார்வை" என்று ஒரே பார்வை கிடையாது, இதைத்தான் பாஸ்டர் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவர்களுக்குள் இருக்கும் சண்டை, அவர்களுக்கும் மதச்சார்பற்ற உளவியலாளர்களுக்கும் இருக்கும் சண்டையைவிடப் பெரிது. ஒரு ஓரத்தில் ஜே ஆடம்ஸ் இருக்கிறார். 1970இல் அந்த அமெரிக்கப் போதகர் எழுதிய நூலிலிருந்துதான் இன்றைய "வேத ஆலோசனை" இயக்கம் கிளம்பியது. மூளைக் காயம், கட்டி என்று உடம்பில் காட்டக்கூடிய கோளாறு இருந்தால் டாக்டரிடம் போகட்டும். மற்றதெல்லாம் வாழும் முறையில் வந்த சிக்கல், பெரும்பாலும் பாவம். அதற்கு வேதமும் போதகரும் போதும் என்பது அவருடைய வாதம். மனநல மருத்துவம் தனக்கில்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டது என்று நேரடியாகவே எழுதினார். நம் ஊர்ச் சபைகளில் ஆடம்ஸ் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் மேடையில் "டிப்ரஷன்னு ஒண்ணும் கிடையாது, ஜெபக்குறைவுதான்" என்று சொல்லும்போது கேட்பது கிட்டத்தட்ட அவருடைய குரல்தான். அவர் கொஞ்சம் நயமாகச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்னொரு ஓரத்தில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மயர்ஸ் மாதிரி ஆட்கள். பக்தியுள்ள கிறிஸ்தவர், ஆனால் உளவியலை உளவியலாகவே செய்கிறவர். வேதியியலுக்குக் கிறிஸ்தவ வேதியியல் தேவையில்லாதபோது உளவியலுக்கு மட்டும் எதற்கு என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஒரே மனச்சோர்வை மூளையின் தளத்தில் விளக்கலாம், குடும்பத்தின் தளத்தில் விளக்கலாம், ஆத்துமாவின் தளத்தில் விளக்கலாம், ஒன்று இன்னொன்றை அழிக்காது என்பார்கள். நடுவில் பெரிய கூட்டம் "ஒருங்கிணைப்பு"க்காரர்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965இல் உளவியல் பள்ளி தொடங்கியதிலிருந்து இந்த வழி வலுப்பட்டது. மதச்சார்பற்ற ஆய்வில் கிடைத்ததை எடுத்துக்கொள், வேதத்தோடு உரசிப் பார், நிற்பதை வைத்துக்கொள் என்பது இவர்கள் முறை. யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இந்த நடுவழிக்காரர்களில் ஒருவரிடம் மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரீனியா) நோயாளியைக் கூட்டிப்போனால் அவர் செய்வதும் நான் செய்வதும் முக்கால்வாசி ஒன்றாகவே இருக்கும்.

பாஸ்டர் சொன்ன "கிறிஸ்தவ சைக்காலஜிஸ்ட்" இந்த மூன்றில் யார் என்று தெரியாமல் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் கிடையாது.

மதச்சார்பற்ற தரப்பும் ஒரே குரலில் பேசியதில்லை. மதமே மனிதகுலத்தின் நரம்புக்கோளாறு என்றார் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட். 1927இல் அதைத் தனி நூலாகவே எழுதினார். அடுத்த ஆண்டே மறுப்பு எழுதியவர் ஆஸ்கர் ஃபிஸ்டர், சுவிட்சர்லாந்துப் போதகர், அவரும் உளப்பகுப்பாய்வு செய்தவர்தான். 1909இல் தொடங்கிய இருவரின் நட்பும் கடிதப் போக்குவரத்தும் ஃபிராய்டின் கடைசிக் காலம்வரை முறியவில்லை. பின்னால் வந்த அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், தீவிர மதப்பற்றும் மனக்கோளாறும் சேர்ந்தே போகும் என்று எழுதியவர், கடைசியில் மத நம்பிக்கையுள்ள ஆலோசகர்களோடு சேர்ந்தே நூல் எழுதினார். 2016இல் உலக மனநல மருத்துவச் சங்கம், நோயாளியின் ஆன்மிகத்தையும் மதத்தையும் கேட்டறிவது சிகிச்சையின் பகுதி என்று அறிக்கையே வெளியிட்டது. ஆக "மத்தவங்க விசுவாசத்தைக் கெடுத்துடுவாங்க" என்பது ஐம்பது வருஷம் பழைய பயம். இன்றைக்கு ஸ்டான்லியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு உங்கள் தங்கையின் விசுவாசத்தைக் கெடுக்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. நேரமில்லாததால் விசுவாசத்தைப் பற்றிக் கேட்காமலே விட்டுவிடலாம், அது வேறு குறை. அந்தக் குறையைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே? குற்றவுணர்வில்.

மனச்சோர்வோடு வரும் ஒருவர் "நான் பாவி, என்னாலதான் வீடு இப்படி ஆச்சு" என்றால், நான் படித்த படிப்பு அதை முதலில் ஓர் அறிகுறியாகப் பார்க்கச் சொல்கிறது. மனச்சோர்வின் பட்டியலிலேயே அளவுக்கு மீறிய குற்றவுணர்வு ஒரு வரி. அந்த எண்ணம் எவ்வளவு உண்மை, எவ்வளவு நோய் ஊதிப் பெருக்கியது என்று பிரித்துப் பார்ப்போம். கிறிஸ்தவ உளவியலாளர் இன்னொரு கேள்வியும் கேட்பார்: ஒருவேளை உண்மையிலேயே தப்பு செய்திருந்தால்? தப்பே செய்யாதவரின் பொய்க் குற்றவுணர்வு ஒன்று, அண்ணன் சொத்தை ஏமாற்றி எழுதிக்கொண்டவரின் நிஜக் குற்றவுணர்வு இன்னொன்று. இரண்டாவதை "உங்க சிந்தனைப் பிழை" என்று சொல்லிக் கரைக்கப் பார்ப்பது நியாயமா? பாவத்தை அறிக்கையிடுதல், மன்னிப்பு, திருப்பிக் கொடுத்தல் என்ற வழி அவர்களிடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் சரக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வாதத்தைப் பலமாக எழுப்பியவர் போதகர் இல்லை. ஹோபார்ட் மவ்ரர், 1954இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர், சபைகளின் உபதேசத்தோடு ஒத்துப்போகாதவர். பாவம் என்ற கருத்தை உளவியல் தூக்கி எறிந்தது தவறு, மறைத்து வைத்த குற்றமே பலரை நோயாளியாக்குகிறது என்று 1960இல் எழுதினார். ஜே ஆடம்ஸ் அவரிடம் ஒரு கோடைக்காலம் வேலை பார்த்துவிட்டுத்தான் தன் வழிக்குப் போனார். ஆனால் மவ்ரருக்கே வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போனது. அறிக்கையிட்டும் போகவில்லை. எல்லா மனநோய்க்கும் மறைந்த பாவத்தைத் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேதமே அப்படித் தேடச் சொல்லவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்றுதான் பதில் வருகிறது. எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்டபோது அவருக்குக் கிடைத்தது கண்டனமா? அடையும் தண்ணீரும் தூக்கமும், எழுந்து சாப்பிட்டதும் மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. கர்த்தர் கேள்வி கேட்பது நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். நான் பாஸ்டர்களிடம் பேசும்போது ஃபிராய்டை இழுப்பதே இல்லை. எலியாவைத்தான் இழுப்பேன்.

குற்றவுணர்வை நோயாளியின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், மத நம்பிக்கை எப்போது தாங்குகிறது, எப்போது நொறுக்குகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்", "இது பிசாசு செய்தது" என்று எண்ணிய வயதான உள்நோயாளிகள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள் என்று 2001இல் அவர் குழு வெளியிட்டது. உடல்நோயை எல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. ஆறுதல் தரும் பக்தி வேறு, மிரட்டும் பக்தி வேறு. ஒரே சபையில் இரண்டும் கிடைக்கும், யார் ஜெபிக்கிறார் என்பதைப் பொறுத்து.

பிசாசு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். மதச்சார்பற்ற உளவியலில் இதற்கு இடமில்லை. ஆனால் அருள் வந்து ஆடுவதையோ, அந்நிய பாஷையில் பேசுவதையோ அது நோய் என்று சொல்லவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், தானாக விரும்பாமல் வந்து, தன் சமூகத்தின் வழக்கத்துக்கும் பொருந்தாமல், வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அதைக் கோளாறாக எண்ணுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை பலர் நினைப்பதைவிடக் கறார். பேயோட்ட ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். 1999இல் வெளியான புதிய சடங்கு முறை மருத்துவரையும் மனநல மருத்துவரையும் கலந்து பார்க்கச் சொல்கிறது. மனநோய் முற்றிலும் வேறு விஷயம், அது மருத்துவத்தின் பொறுப்பு என்று அவர்களுடைய மறைக்கல்வி நூலே சொல்கிறது. சிக்கல் மேலே கேட்க யாருமில்லாத தனிச் சபைகளில்தான். மாடியில் தகர ஷீட் போட்டு ஆரம்பித்த சபைக்கு ஆயரும் இல்லை, விதிமுறையும் இல்லை. பாஸ்டர் நல்லவராக வாய்த்தால் பிழைத்தோம்.

பெந்தெகொஸ்தே நண்பர்களிடம் நான் காட்டுவது மத்தேயு நான்காம் அதிகாரம். கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பிசாசு பிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள் (வலிப்புக்காரர்கள்) தனி, திமிர்வாதக்காரர் தனி. எல்லாமே பிசாசு என்று அந்தக் காலத்திலேயே நினைக்கவில்லை. கெட்டிக்காரர்கள் உடனே பதினேழாம் அதிகாரத்துக்குப் போய், அங்கே சந்திரரோகப் பையனிடமிருந்து பிசாசு துரத்தப்படுவதைக் காட்டுவார்கள். சரி, வாதம் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. பிசாசு இருக்கிறது என்று நம்புகிற கிறிஸ்தவ உளவியலாளரும் முதலில் தூக்கம், சாப்பாடு, போதை, வலிப்பு, குடும்பத்தில் இந்த நோய் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவார். கட்டி வைப்பது, அடிப்பது, கண்ணில் எலுமிச்சை பிழிவது எந்தத் தரப்புச் சிகிச்சையும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நம் தலைமுறை மறக்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது.

அடுத்த சிக்கல்: "கர்த்தர் என்கிட்ட பேசினார்." ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் எந்தச் சபைக்குள் நுழைந்தாலும் பத்துப் பேராவது இதைச் சொல்வார்கள். பழக்கமில்லாத டாக்டர் இதைக் கேட்டதும் மாயை என்று எழுதிவிடும் அபாயம் உண்மையானது. இங்கேதான் சபையை உள்ளிருந்து அறிந்த உளவியலாளருக்கு ஒரு கை கூடுதல். சொன்ன வாக்கியத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இந்தப் பேச்சு அவருக்குப் புதிதா, வேலை, குளியல், சாப்பாடு குலைந்திருக்கிறதா, குரல் திட்டுகிறதா, தன்னை மாய்த்துக்கொள்ளச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, சபைக்காரர்களே மிரண்டிருக்கிறார்களா? நான் பல சமயம் பாஸ்டரிடமே போனில் கேட்பேன். "இல்ல பிரதர், அந்தப் பொண்ணு பேசுறது எங்களுக்கே புரியல, இது அபிஷேகம் மாதிரி இல்ல" என்று அவர் சொன்னால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். உங்கள் தங்கை விஷயத்தில் குரல் தெருவில் பேசுகிறது, அவரைப் பற்றிப் பேசுகிறது. இதைக் கர்த்தரின் சத்தம் என்று சபையில் யாரும் சொல்லப்போவதில்லை.

குரல்கள்கூட ஊருக்கு ஊர் மாறுகின்றன. மானுடவியலாளர் தான்யா லூர்மன், சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்களோடு சேர்ந்து, கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை மூன்றிலும் இடத்துக்கு 20 மனச்சிதைவு நோயாளிகளிடம் பேசினார். அமெரிக்கர்களுக்குக் குரல்கள் வன்முறையாக, அந்நியமாக இருந்தன. அக்ராவில் பலர் கடவுளின் குரல் என்றார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல், குளி, சமை, போய் வேலையைப் பார் என்று! நோய் ஒன்றுதான், ஆனால் அது எந்த வீட்டு மொழியில் பேசுகிறது என்பதை அந்த வீடு தீர்மானிக்கிறது. மதத்தைக் கேட்காமல் விடும் டாக்டர் இந்தத் தகவலை இழக்கிறார்.

இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் ஓர் உதாரணத்தை ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவர். திருவிருந்தில் அப்பம் வாங்கும் நேரத்தில் இயேசுவைப் பற்றி ஆபாசமான எண்ணம் குத்திக்கொண்டு வரும். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்ற வசனம் தெரியும், அதனால் செத்துச் செத்துப் பிழைப்பார். எண்ணம் வந்ததும் மனதுக்குள் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஏழு தடவை சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் மறுபடி ஒன்றிலிருந்து. ஓட்டேரி சிக்னலில் பைக்கை நிறுத்தி, பின்னாலிருந்து ஹார்ன் அடிக்க அடிக்கச் சொல்லி முடிப்பார். தினமும் பாஸ்டருக்குப் போன்: "அய்யா, நான் தூஷணம் பண்ணிட்டேனா?" பாஸ்டரும் அன்பாக "இல்லப்பா" என்று ஜெபிப்பார். அன்றைக்கு நிம்மதி, மறுநாள் மறுபடி போன்.

இது எண்ண சுழற்சி நோய், ஓ.சி.டி. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாருக்கு, 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பன்யனுக்கு எல்லாம் இந்த வகை வேதனை இருந்தது அவர்கள் எழுத்திலேயே தெரிகிறது. பாஸ்டரின் அந்த அன்பான ஜெபம்தான் நோய்க்குத் தீனி. ஒவ்வொரு உறுதிமொழியும் அடுத்த சந்தேகத்தை வளர்க்கும். சிகிச்சை என்னவென்றால், எண்ணம் வரட்டும், ஏழு தடவையும் சொல்லாதே, பாஸ்டரிடமும் கேட்காதே, பதற்றம் தானாக இறங்கும்வரை உட்கார். இதில் மதம் தெரியாத சிகிச்சையாளர் செய்யக்கூடிய தப்பு, "சரி, அந்தத் தூஷணத்தை நூறு தடவை எழுது" என்பது. பையன் எழுந்து போய்விடுவான், திரும்ப வரவே மாட்டான். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பாவம் செய்யச் சொல்லாமல், "மன்னிக்கப்பட்டேனா இல்லையா என்பது இந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரியாது" என்ற நிலையோடு உட்காரப் பழக்கினோம். பாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசியதும் புரிந்துகொண்டார். போனில் கேட்டால் "இதுக்கு நான் பதில் சொல்றதா இல்ல தம்பி, ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்ல ஒத்துக்கொண்டார். ஓ.சி.டி. மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது. நிச்சயமில்லாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று அந்தப் பையனிடம் சொன்னது நான் இல்லை, பாஸ்டர்தான். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

சபைகள் பெரும்பாலும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு: உபவாசமும் லித்தியமும். இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு (பைபோலார்) லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல், உப்புச் சேராமல் உபவாசம் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். லெந்து நாட்கள் (தவக்காலம்) வருவதே சென்னையில் வெயில் ஏறும் மாதங்களில். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுவது, தள்ளாடுவது என்று வந்தால் அது ஆவியின் போராட்டம் இல்லை, நேராக காஷுவாலிட்டி. முழு இரவு ஜெபமும் அப்படித்தான். இந்த நோய் உள்ளவருக்கு ஓர் இரவுத் தூக்கம் போனாலே மனம் கட்டுமீறிக் கிளம்பக்கூடும். டிசம்பர் 31 ஆராதனைக்குப் பிறகு ஜனவரி முதல் வாரத்தில் இப்படி ஆட்கள் வருவதை இங்கே வேலை பார்க்கும் யாரும் சொல்வார்கள். பிரசவமான சில நாட்களில் தூக்கமின்றிப் பிதற்ற ஆரம்பிக்கும் பெண்ணுக்கு உபவாச ஜெபம் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து, அதே நாளில் ஆஸ்பத்திரி.

மாத்திரையை விட்டுவிட்டு மேடையேறிச் சாட்சி சொல்ல வைப்பதும் இதே கணக்கில் சேரும். மருந்தை விட்ட முதல் மாதம் நன்றாகவே இருக்கும், சாட்சியும் நன்றாகவே இருக்கும். ஓராண்டுக்குள் பலருக்கு நோய் திரும்பும்போது மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மதச்சார்பற்ற தரப்பு மதிப்பீடே இல்லாத சுத்த அறிவியல் என்றும் நினைத்துவிடாதீர்கள். தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல்தான். அதுவரை "அறிவியல்" அதை நோய் என்றுதான் சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கும் இரு தரப்பும் வெளிப்படையாகப் பிரிகின்றன. ஜெபத்தாலும் கவுன்சலிங்காலும் மாற்றிவிடலாம் என்று நம்பும் கிறிஸ்தவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்ற முயன்ற மிகப் பெரிய அமெரிக்க அமைப்பு 2013இல் மன்னிப்புக் கேட்டுக் கதவை மூடியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய "மாற்றும் சிகிச்சை"களைத் தடை செய்யச் சொன்னது. இந்த வேலைக்கு யாராவது அழைத்தால் நான் மறுத்துவிடுவேன். சிகிச்சை என்ற பெயருக்கே அது தகாது.

இன்னும் ஒரு வித்தியாசம், எது குணம் என்பது. மாத்திரையும் பேச்சும் சேர்ந்து தூக்கம் வந்து, வேலைக்குப் போக ஆரம்பித்தால் நாங்கள் பெரும்பாலும் கோப்பை மூடிவிடுகிறோம். கிறிஸ்தவ உளவியலாளர் அதற்கு மேலும் கேட்பார்: இந்தத் துன்பத்தோடு எப்படி வாழ்வது, இதில் கடவுள் எங்கே? ஸ்பர்ஜன் போன்ற பிரசங்கியே மனச்சோர்வில் கிடந்தவர், அதைத் தன் மாணவர்களிடம் மறைக்காமல் பேசியவர். நீண்டகால நோயுள்ள ஒருவருக்கு இந்தக் கேள்வி மாத்திரை அளவுக்கு முக்கியமாகிவிடும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது, கிறிஸ்தவ நிறுவனம். அங்கே உள்நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குகிறார். மருந்து முழுக்க நவீன மருத்துவம். "கிறிஸ்தவ சிகிச்சை" என்றால் மருந்தில்லாமல் என்று யாராவது சொன்னால் பாகாயத்தைக் காட்டுங்கள்.

சரி, அந்தக் கிறிஸ்தவ சைக்காலஜிஸ்டிடம் போகலாமா? ஸ்டான்லியில் பார்த்து, மருந்து ஆரம்பித்து, தங்கை நிதானத்துக்கு வந்த பிறகு தாராளமாகப் போகலாம், அவரே விரும்பினால். போகும்போது இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளருக்கு அது இருக்க வேண்டும், வெறும் கவுன்சலர் போர்டுக்கு நடைமுறையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. டாக்டரோடு பேசுவீர்களா, மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். தங்கை அவரிடம் சொல்வது பாஸ்டரின் காதுக்கும், அங்கிருந்து ஜெபக் குறிப்பாகச் சபைக்கும் போகுமா என்பதையும் கேளுங்கள். நம் பக்கத்தில் பெண்கள் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். மதச்சார்பற்றவரிடம் போனால் கேள்வி வேறு: "நாங்க ஜெபம் பண்றவங்க, அதை விட மாட்டோம், பரவாயில்லையா?" முகம் சுளித்தால் வேறொருவரைப் பாருங்கள்.

ஸ்டான்லிக்குப் போகும்போது தங்கையோடு அம்மாவோ, தினமும் கூட இருப்பவரோ வர வேண்டும், டாக்டர் கேட்பதில் முக்கால்வாசிக்கு அவர்தான் பதில் சொல்ல முடியும். எப்போதிலிருந்து தூக்கமில்லை, உபவாசம் எத்தனை நாள், வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா, நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்பதைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். உபவாச விஷயத்தை மறைக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள். அதற்கு முன்பே இரவில் "செத்துடுறேன்" என்று சொன்னாலோ, குரல் ஏதாவது செய்யச் சொல்கிறது என்றாலோ ஓபிக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுக் காஷுவாலிட்டிக்கே போய்விடுங்கள். வழி தெரியாமல் தவித்தால் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பாஸ்டரையும் கூட வரச் சொல்லிப் பாருங்கள், வந்தால் நல்லது.